எபிசோட் 41: பானெட்டை யார் திறக்கலாம்?

இந்த வாரம் ஒரு பில்லில் இருந்து ஆரம்பிக்கப் போறேன்.

போன டிசம்பரில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கின சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். வாரண்டி எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பில் வந்தது. ஆயில், ஆயில் ஃபில்டர், இதெல்லாம் புரிஞ்சது. அதுக்குக் கீழே ஏசி ஃபில்டர் 550 ரூபாய், அதை மாத்தின கூலி 350 ரூபாய், பேட்டரி டெர்மினல் சுத்தம் செஞ்சதுக்கு 250 ரூபாய், வைப்பர் பிளேடு மாட்டின கூலி 150 ரூபாய். "ஃபில்டர் மாத்த 350 ரூபாயா?"ன்னு கேட்டேன். "டாஷ்போர்டுக்குள்ள இருக்கிற வேலை சார், டைம் எடுக்கும்"னு பதில் வந்தது. கட்டிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி சும்மா ஒரு வீடியோ பார்த்தேன். என் காரில் கிளவ் பாக்ஸை ரெண்டு பக்கமும் உள்பக்கமா அழுத்தினா அது கீழே தொங்கும். பின்னாடி ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்குள்ள ஃபில்டர். அவ்வளவுதான். டார்ச் எடுத்துக்கிட்டு பார்க்கிங்குக்கு இறங்கிப் போனேன். மொத்தம் நாலு நிமிஷம், திருப்புளி கூடத் தேவைப்படலை. உள்ளே இருந்தது கன்னங்கரேல்னு ஒரு பழைய ஃபில்டர். மடிப்புக்குள்ள ஒரு காய்ஞ்ச வேப்பிலை. அவங்க மாத்தவே இல்லை.

எந்த சர்வீஸ் சென்டர்னு சொல்லப் போறதில்லை. சொல்லி என்ன ஆகப் போகுது? எனக்குக் கோபம் பாதிக்கு மேல என் மேலதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மத்தவங்க எழுதின கோடைத் திறந்து பார்க்கிறதுதான் என் வேலை. என் சொந்தக் காரில் ஒரு மூடியைத் திறந்து பார்த்ததில்லை.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். அப்பா திருச்சியில் ஒரு வங்கியில் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். மெக்கானிக்கல் படிப்பெல்லாம் கிடையாது. ஆனா என் சின்ன வயசில் எங்க வீட்டில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருந்தது. வீட்டில் அதை ஃபியட்னுதான் சொல்வோம். ஞாயித்துக்கிழமை காலையில அவரேதான் அதைப் பார்ப்பார், நான் டார்ச் பிடிப்பேன். முழுக் கதையையும் கேட்டுட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா, பி.இ. படிச்சிருக்க. பானெட்டைத் திறக்கிற லிவர் எங்க இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

அந்த வாரம் வரைக்கும் தெரியாது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவுல என்ன ஆச்சு? நான் சோம்பேறி ஆயிட்டேனா, கார் மாறிடுச்சா, இல்ல யாராவது வேணும்னே பூட்டு போட்டாங்களா? இதைத் தோண்டப் போய்தான் இந்த எபிசோட் வந்தது.

முதல்ல ஒரு வார்த்தை: ஸ்டெப்னி. டிக்கியில் இருக்கிற எக்ஸ்ட்ரா டயரை நம்ம ஊரில் லாரி டிரைவர் முதல் வாடகைக் கார் ஓட்டுறவர் வரை எல்லாரும் ஸ்டெப்னின்னுதான் சொல்றோம். இது பிரிட்டனில் இருந்து வந்த வார்த்தை, ஆனா இன்னைக்கு அங்க போய்ச் சொன்னா நிறைய பேருக்குப் புரியாது. ஆரம்ப காலக் கார்களில் எக்ஸ்ட்ரா டயரே கிடையாது. பஞ்சர் ஆனா ரோட்டோரத்தில் உட்கார்ந்து டயரைக் கழட்டி, டியூபை ஒட்டி, கையால் காத்தடிச்சு, திரும்ப மாட்டணும். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் தாமஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ்னு ரெண்டு சகோதரர்கள் இதுக்கு ஒரு வழி செஞ்சாங்க. ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதில் ஏற்கெனவே காத்தடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதை அப்படியே பூட்டிட்டு ஓட்டிட்டுப் போகலாம். அவங்க கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். தெருப் பெயர் பிராண்டாச்சு, பிராண்ட் நம்ம வாயில் பொதுப் பெயராச்சு. பிரேசில்காரங்களும் இதே வார்த்தையைத்தான் கொஞ்சம் மாத்திச் சொல்றாங்க.

நான் இதை ஏன் சொல்றேன்னா, அந்தக் காலத்தில் கார் ஓட்டுறதும் கார் சரி பண்றதும் தனித்தனி வேலையே இல்லை. பணக்காரங்க ஷோஃபர் வெச்சிருந்தாங்க, ஷோஃபர்தான் மெக்கானிக். ஷோஃபர் இல்லைன்னா நீங்கதான் மெக்கானிக். 1909-ல் டோரதி லெவிட்னு ஒரு இங்கிலாந்து ரேஸ் டிரைவர், பெண்களுக்காக கார் பற்றி ஒரு புத்தகம் எழுதினாங்க. பெயர் 'தி வுமன் அண்ட் தி கார்'. இன்ஜின் எப்படி வேலை செய்யுது, எங்க கை வெச்சா எது சரியாகும்னு பொறுமையா சொல்லியிருப்பாங்க. காரில் ஒரு சின்னக் கைக்கண்ணாடி வெச்சுக்கோங்க, அப்பப்போ தூக்கிப் பிடிச்சு பின்னாடி வர்ற வண்டியைப் பாருங்கன்னு ஒரு யோசனை. கார்களில் ரியர் வியூ மிரர் பரவலா வர்றதுக்கு முன்னாடி! தனியாப் போற பெண்கள் ஒரு சின்ன ரிவால்வரும் வெச்சுக்கலாம்னும், சீட்டுக்குக் கீழ இருக்கிற டிராயரில் கொஞ்சம் சாக்லேட்டும் இருக்கட்டும்னும் சொல்லியிருக்காங்க. என் கிளவ் பாக்ஸில் பழைய டோல் ரசீது மட்டும்தான் இருக்கு.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1908 அக்டோபரில், அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி வந்துடுச்சு. விலை 850 டாலர். 1920-களின் நடுவில் அதன் மலிவான வகை 260 டாலருக்கு இறங்கியது. 1927-ல் நிறுத்தும்போது மொத்தம் ஒன்றரைக் கோடி கார்கள் வெளியே போயிருந்தது. இந்த விலை குறைப்புக் கதையை எல்லாரும் சொல்வாங்க. என்னைப் பிடிச்சு நிறுத்தினது வேற. அந்தக் காரை வாங்கினவங்களில் நிறைய பேர் விவசாயிகள். பக்கத்தில் கராஜ் கிடையாது, ரோடே சரியா கிடையாது. அதனால் அவங்களே சரி பண்ணிக்கிற மாதிரி காரை எளிமையா வைக்கணும்னு ஹென்றி ஃபோர்டு தெளிவா முடிவு பண்ணியிருந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் ஆணி, போல்ட் மாதிரி சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கணும்கிறது அவர் எண்ணம். காரோடு வந்த கையேடு கேள்வி-பதில் வடிவில் இருக்கும். இன்னைக்கு நாம எஃப்.ஏ.க்யூ.ன்னு சொல்றோமே, அதேதான்.

எளிமைன்னா எவ்வளவு எளிமை? பெட்ரோல் பம்ப்பே கிடையாது. டேங்க் சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் தானா வழிஞ்சு இன்ஜினுக்குப் போகும். டேங்க்கில் கொஞ்சமா இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தா, இன்ஜின் டேங்க்கைவிட உயரத்துக்குப் போயிடும், வண்டி நின்னுடும். அதுக்கு ஓட்டுறவங்க கண்டுபிடிச்ச தீர்வு, வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடு ஏறுறது. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்க்க ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பாங்க. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணி இறைக்கவும் கூட அதே காரைப் பயன்படுத்தினாங்க.

ரொம்ப ரொமான்டிக்கா போயிடக் கூடாது. கையால் கிராங்க் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஸ்பார்க் லிவரைத் தாமதத்தில் வைக்க மறந்தா இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படிக் கை உடைஞ்சவங்க நிறைய பேர்.

அடுத்து ஒருத்தரைப் பற்றிச் சொல்லணும். இந்த எபிசோடுக்காகத் தேடும்போது எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போன ஆள். ஜான் ஹேன்ஸ். 1938-ல் பிறந்தவர். எங்க பிறந்தார் தெரியுமா? சிலோனில். அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர். மலையகத் தமிழர்கள் கொழுந்து பறிச்ச அதே தோட்ட உலகத்தின் இன்னொரு பக்கம், பங்களா பக்கம். பன்னிரண்டு வயசு வாக்கில் பையனை இங்கிலாந்தில் ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்பிட்டாங்க. அங்க மத்த பசங்க ரக்பி விளையாடப் போகும்போது, இவர் வார்டன் மாதிரி ஒருத்தர்கிட்ட அனுமதி வாங்கிட்டு ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரிச்சு மேய்ஞ்சுக்கிட்டிருந்தார். அதை ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி மாத்தினார். எப்படிச் செஞ்சேன்னு ஒரு சின்னப் புத்தகம் எழுதி 250 பிரதி போட்டார். பத்து நாளில் வித்துத் தீர்ந்தது.

அப்புறம் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். 1965-ல் ஏடனில், அதாவது இன்னைய ஏமனில், போஸ்டிங். கூட வேலை பார்த்த ஒருத்தர் ஒரு ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வாங்கியிருந்தார். ஹெட்லைட் ரெண்டும் தவளைக் கண் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கிற குட்டிக் கார். இன்ஜின் மோசமான நிலையில். ஹேன்ஸ் உதவிக்குப் போனார். கம்பெனி வெளியிட்ட அதிகாரப்பூர்வ மேனுவலைத் திறந்து பார்த்தால், ஒரு சாதாரண ஆளுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஏன்னா அது டீலர் கராஜில் பயிற்சி வாங்கின மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது. ஒரு புரோகிராமரா எனக்கு இந்த வலி நல்லாத் தெரியும். எழுதினவனுக்கு மட்டும் புரியுற டாக்குமென்டேஷன் மாதிரி எரிச்சல் வேற எதுவும் இல்லை.

ஹேன்ஸ் ஒரு கேமரா எடுத்தார். இன்ஜினை ஒவ்வொரு படியாப் பிரிச்சு, ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து, திரும்பப் பூட்டி, அதை அப்படியே புத்தகமாக்கினார். 1966-ல் முதல் ஹேன்ஸ் மேனுவல் வந்தது. முதல் 3,000 பிரதி மூணு மாசத்துக்குள்ள காலி. அதுக்கப்புறம் அந்த நிறுவனத்தின் பழக்கமே அதுதான்: ஒரு காரைப் பற்றி எழுதணும்னா ஒரு காரை முழுசாப் பிரிச்சு திரும்பப் பூட்டணும். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஸ்பேனர் படம் போட்டிருக்கும். ஒரு ஸ்பேனர்னா புதுசா ஆரம்பிக்கிறவங்க செய்யலாம், அஞ்சு ஸ்பேனர்னா தொடாதே. உலகம் முழுக்க 20 கோடி பிரதிக்கு மேல் வித்திருக்கு.

பிரிட்டனில் இது ஏன் அப்படிப் பத்திக்கிச்சு? எனக்குத் தோன்றுகிற ஒரு காரணம் சொல்றேன். 1960-ல் அங்க பழைய கார்களுக்கு எம்.ஓ.டி.ன்னு கட்டாயப் பரிசோதனை கொண்டு வந்தாங்க. முதல்ல பத்து வருஷத்துக்கு மேல் ஆன கார்களுக்கு, 1967-க்குள்ள மூணு வருஷம் ஆன கார்களுக்கே. பழைய கார் வெச்சிருக்கிறவர் பெரும்பாலும் காசு இல்லாதவர். பிரேக், லைட், ஸ்டியரிங் எல்லாம் சரியா இருக்கணும், கராஜுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அப்போ கையில் மேனுவலோடு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசலில் காருக்கு அடியில் படுக்கிறதைத் தவிர வேற வழி? ஹேன்ஸ் 2019-ல் காலமானார். அடுத்த வருஷம் அந்த நிறுவனம் புதுக் கார்களுக்கு மேனுவல் அச்சடிக்கிறதை நிறுத்திட்டு டிஜிட்டலுக்குப் போகிறதா அறிவிச்சது.

கடல் தாண்டி அமெரிக்காவில் அதே காலத்தில் ஜான் மியூர்னு இன்னொரு எஞ்சினியர். வேலையை விட்டுட்டு நியூ மெக்சிகோவில் டாவோஸ்ங்கிற சின்ன ஊரில் ஃபோக்ஸ்வாகன் கராஜ் போட்டவர். 1969-ல் பீட்டில் காரை எப்படி உயிரோடு வெச்சுக்கிறதுன்னு ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பிலேயே இது முழு முட்டாள்களுக்கானதுன்னு போட்டிருப்பார். 'ஃபார் டம்மீஸ்' புத்தக வரிசை 1991-ல்தான் வருது, இவர் அதுக்கு இருபது வருஷம் முன்னாடி. இருபது லட்சத்துக்கு மேல் வித்த புத்தகம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதை பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செஞ்சு பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கினதும் அதைப் பிரிச்சுப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒத்தை பஸ்ஸை அவரே ஓட்டி ஆரம்பிச்சார். பிரிக்கத் தெரிஞ்சவன்தான் நம்ம ரோட்டில் பஸ் ஓட்ட முடியும்கிற காலம் அது.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்மகிட்ட இருந்த கார்கள் மொத்தம் மூணு வகைன்னு வெச்சுக்கலாம். அம்பாசடர், ஃபியட், அப்புறம் நம்ம வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒண்ணா முன்பக்கமா கவிழும். முன்டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். லைசென்ஸ் ராஜ் காலம், புதுக் கார் புக் பண்ணினா வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அதனால் இருக்கிற காரைச் சாகவிட முடியாது. அப்பா தலைமுறை ஆட்கள் பானெட்டுக்குள்ள கை விட்டது ஆசையினாலன்னு நான் நினைச்சிருந்தேன். அப்பாகிட்ட கேட்டேன். "ஆசையாவது ஒண்ணாவது, சம்பளம் பத்தலைடா"ன்னார்.

அந்த ஃபியட்டில் அவர் அடிக்கடி செஞ்ச வேலை 'பாயின்ட் செட்டிங்'. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஒரு குட்டி சுவிட்ச். அது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு பிளக்கில் பொறி வரும். நாலு சிலிண்டர் இன்ஜின், நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்துதுன்னா, ஒரு செகண்டுக்கு 100 பொறி. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு செகண்டுக்கு நூறு தடவை திறந்து மூடுற ஒரு இரும்புச் சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்? முனை குழி விழும், இடைவெளி மாறும், வண்டி இழுக்காது. அப்பா உப்புத்தாளால் தேய்ச்சு, பழைய விசிட்டிங் கார்டை நடுவுல விட்டு இடைவெளி வைப்பார். ஃபீலர் கேஜ் வாங்கினா என்னன்னு அம்மா கேட்டா, "கார்டு சும்மா கிடைக்குதே"ம்பார். கொடைக்கானல் மலை ஏறும்போது வண்டி பாதியில் நின்னுடும். சூட்டில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாயிடும், ஆவியைப் பம்ப்பால் இழுக்க முடியாது. ஈரத் துண்டை பம்ப் மேல போட்டுட்டு, வாங்கிட்டு வந்த புளியோதரையைப் பிரிச்சு சாப்பிடுவோம். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆயிடும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. திடீர்னு நிக்காத கார். 2000-ஐ ஒட்டி, சுப்ரீம் கோர்ட் உத்தரவு, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் எல்லாம் சேர்ந்து கார்ப்பரேட்டரை வெளியேத்தின. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பாயின்ட் கிடையாது, சோக்கு கிடையாது, டியூனிங் கிடையாது. இதை நேர்மையா ஒத்துக்கணும்: அப்பா ஞாயித்துக்கிழமை செஞ்ச வேலையில் முக்கால்வாசியை யாரும் நம்மகிட்ட இருந்து பிடுங்கலை. அந்த வேலையே இல்லாம போச்சு. அது நல்ல விஷயம்தான். மலைப்பாதையில் ஈரத் துண்டு போட யாருக்கும் ஆசை இல்லை.

ஆனா அதே சமயத்தில் இன்னொண்ணும் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தோடு போராடிக்கிட்டிருந்த கலிஃபோர்னியா, காரின் கம்ப்யூட்டர் தன் கோளாறைத் தானே சொல்லணும்னு விதி கொண்டு வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கிற எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி எர்ரர் கோடு. அதுதான் ஓ.பி.டி. 2. நம்ம ஊரில் 2013 ஏப்ரலில் கட்டாயமாச்சு. உங்க காரிலும் இருக்கும், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிஞ்சு பாருங்க. பி0301-னா முதல் சிலிண்டரில் பொறி தவறுது. பி0171-னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. நம்ம பாஷையில் சொன்னா காரின் எர்ரர் லாக்.

இதைப் படிக்க கனடாவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஈ.எல்.எம். 327-னு ஒரு சிப் செஞ்சது. சாதாரண மைக்ரோகன்ட்ரோலர், அதில் இவங்க எழுதின புரோகிராம். முதல் வெர்ஷனில் காப்பி பண்ண முடியாதபடி பூட்டுற வசதியைப் போடாம விட்டுட்டாங்க. அவ்வளவுதான், உலகம் முழுக்க நகல். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற புளூடூத் டாங்கிள் பெரும்பாலும் அந்த நகலின் நகல்தான். அந்த நிறுவனத்துக்கு இது அநியாயம். அந்த அநியாயத்தோட பலன்தான் இப்போ என் காரில் சொருகியிருக்கு, அதையும் மறைக்க விரும்பலை.

ஆனா ஓ.பி.டி. திறக்கிறது வாசலை மட்டும்தான். உள்ளே ஏர்பேக், ஏ.பி.எஸ்., சாவியைப் பதிவு பண்றது, இதுக்கெல்லாம் கம்பெனியின் தனி ஸ்கேனர் வேணும். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் முப்பது வருஷமா கராஜ் வெச்சிருக்கார். அவர் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, இன்ஜின் எனக்குத் தெரியும். பாஸ்வேர்டுதான் தெரியாது."

இது அவர் ஒருத்தர் குறை இல்லை. 2011-ல் ஒரு தனி மனிதர் போட்டி ஆணையத்தில், அதாவது காம்பெடிஷன் கமிஷன் ஆஃப் இந்தியாவில், மூணு கார் கம்பெனி மேல புகார் கொடுத்தார். அசல் ஸ்பேர் பார்ட்ஸ் வெளிச்சந்தையில் கிடைக்கிறதில்லை, ஸ்கேனரும் மேனுவலும் வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்கிறதில்லைன்னு. விசாரணை விரிஞ்சுக்கிட்டே போச்சு. 2014 ஆகஸ்ட் 25-ல் தீர்ப்பு. 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம். அபராதத்தைவிட எனக்கு முக்கியமாப் பட்டது உத்தரவில் இருந்த ஒரு விஷயம்: வெளி மெக்கானிக்கிட்ட போனாங்கங்கிற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக் கூடாது. வெளியே செஞ்ச தப்பான வேலையால் எது கெட்டதோ, அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லயே கார் ரிப்பேர் உரிமைக்கு வாக்களிச்சாங்க. கம்பெனிகள் டேட்டாவை சாக்கெட்டுக்குப் பதிலா நேரா இன்டர்நெட் வழியா அனுப்ப ஆரம்பிச்சதும், 2020-ல் இன்னொரு தடவை வாக்களிச்சாங்க. நம்ம மத்திய அரசு 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் தொடங்கியது. செல்போன், விவசாயக் கருவிகளோட கார், பைக்கும் அதில் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தேன். இதுவரைக்கும் அது கஸ்டமர் கேர் நம்பர், வாரண்டி விவரம்னு தகவல் பலகை மாதிரிதான் எனக்குப் பட்டது. மெக்கானிக் அண்ணன் கேட்கிற பாஸ்வேர்டு அங்க இல்லை.

சரிடா, கடைசியில் நீ என்னதான் செய்றன்னு கேட்பீங்க. ஏசி ஃபில்டர், இன்ஜின் ஏர் ஃபில்டர் ரெண்டையும் நானே மாத்துறேன். ஜி.பி. ரோட்டில் நல்ல பிராண்ட் ஏசி ஃபில்டர் 300 ரூபாய்க்குள்ள கிடைச்சது. அதில் காத்து போகிற திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், முதல் தடவை நான் தலைகீழா மாட்டினேன். வைப்பர் பிளேடு ஒரு கிளிப்தான், ஆனா பிளேடு இல்லாத வைப்பர் கையைக் கண்ணாடி மேல டப்புனு விட்டுடாதீங்க, கண்ணாடி விரிசல் விடும். பேட்டரி முனையில் பூத்திருக்கிற வெள்ளைப் பொடியை சோடா உப்பு கரைச்ச வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போக்கிடும். கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசியா மைனஸ், அது மட்டும் மாறக் கூடாது. ஃபியூஸ், பல்பு, டயர் காத்து. வருஷத்துக்கு மிச்சம் மூவாயிரம் ரூபாய் இருந்தா அதிகம். பெரிய பணம் இல்லை. ஆனா இப்போ பில்லைப் பார்த்து எதுக்குக் காசு கொடுக்கலாம், எது கதைன்னு தெரியுது.

பிரேக்கைத் தொட மாட்டேன், ஏர்பேக் பக்கமே போக மாட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக மாட்டேன், தயவுசெஞ்சு நீங்களும் போகாதீங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. எலக்ட்ரிக் கார் வெச்சிருக்கிறவங்க, ஆரஞ்சு கலர் கேபிள்னா கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. ஆயில் மாத்துறதை ஒரு தடவை முயற்சி பண்ணினேன். பழைய ஆயிலை எங்க கொட்டுறது? சாக்கடையில் ஊத்த மனசு வரலை. கேனோட மெக்கானிக் அண்ணன்கிட்டயே கொண்டு போய்க் கொடுத்தேன். "இதுக்கு நீ வண்டியையே கொண்டு வந்திருக்கலாமே தம்பி"ன்னார். இப்போ ஆயில் அவர்கிட்டதான்.

பொங்கலுக்கு அப்பா சென்னை வந்திருந்தார். வந்ததும் பானெட்டைத் திறன்னார். லிவர் எங்க இருக்குன்னு இப்போ எனக்குத் தெரியும். உள்ளே பெரிசா ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி. "டிஸ்ட்ரிபியூட்டர் எங்கடா?" இல்லப்பா. "கார்ப்பரேட்டர்?" அதுவும் இல்லப்பா. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைச்சு, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார். நான் டாங்கிளைச் சொருகி, இன்ஜின் சூடு, சுத்து, பேட்டரி வோல்ட் எல்லாம் போனில் ஓடுறதைக் காட்டினேன். கண்ணாடியை மேல தூக்கிவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சார். சட்டைப் பையில் இருந்து டைரியை எடுத்து அன்னைக்கு ஓடியிருந்த கிலோமீட்டரை எழுதிக்கிட்டார். ஃபியட் காலத்து வழக்கம். காரை வித்து பதினெட்டு வருஷம் ஆச்சு, இப்போ என் காருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கார்.

இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்டில் பழைய கார் மேனுவல், அப்பா, தாத்தா எழுதி வெச்ச சர்வீஸ் நோட்டு ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம். அடுத்த வாரம் மீட்டர் போட்ட ஆட்டோவின் வரலாறு. பார்ப்போம் மக்களே.